உங்களுக்குத் தெரியுமா? சீன எழுத்துக்குள் சோழி, முத்து, சங்கு

சீன எழுத்து ஒலியை மட்டும் குறிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. அதே எழுத்தைச் சீனர் ஒருவிதமாக வாசிப்பார்கள், ஜப்பானியர் வேறுவிதமாக, கொரியர் இன்னொருவிதமாக. வியட்நாமியரும் லத்தீன் எழுத்துக்கு மாறும்வரை அதில்தான் எழுதினார்கள். அந்த எழுத்துகளில் சில, தூத்துக்குடிக்காரர்கள் கையில் எடுத்துப் பார்த்த பொருள்களிலிருந்து பிறந்தவை. இந்த வாரம் அவையும், நம் கரையைத் தொட்ட வேறு சில எழுத்துக் கதைகளும்.

சோழிதான் காசு

மேலே ஒரு நெட்டைக் கட்டம், அதற்குள் குறுக்கே இரண்டு கோடு, கீழே இரண்டு குட்டைக் கால். சீனத்தில் ‘பெய்’ என்று வாசிக்கப்படும் இந்த எழுத்து ஒரு சோழியின் படம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் குறி கேட்க எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறிய வரிகளில் இது இன்னும் சோழியைப் போலவே இருக்கிறது. நடுவில் பிளவுகூடத் தெரியும்.

நாம் தாயத்துக்கும் ஜோசியத்துக்கும் உருட்டுகிற அதே சோழிதான். அது வெப்பக் கடலில் வளர்வது. ஷாங் தலைநகர் இருந்த ஆன்யாங்கோ கடலுக்கு வெகுதூரம். அரிதாக வந்ததால் மதிப்பு ஏறியது. 1976-இல் அங்கே தோண்டப்பட்ட ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் கிடைத்தன. அவள் படை நடத்திய அரசி. மறுமைக்கு வழிச்செலவாக அவற்றை வைத்தார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. பிறகு வெண்கலத்திலும் சோழி வார்த்தார்கள். கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசரின் ஆட்சியில் சோழியும் முத்தும் காசு என்ற தகுதியை இழந்து நகையாகவும் சேமிப்பாகவும் மட்டும் நின்றன. தென்மேற்கு மூலையான யுன்னானில் மட்டும் 17-ஆம் நூற்றாண்டு வரை சோழியை எண்ணிக் கொடுத்துக் கடையில் சரக்கு வாங்கினார்கள்.

காசு போனாலும் எழுத்து போகவில்லை. செல்வம், சரக்கு, செலவு, விலை உயர்ந்தது, வணிகம் ஆகிய அத்தனைக்குமான எழுத்துகளில் சோழி உட்கார்ந்திருக்கிறது. ‘ஏழை’ என்ற எழுத்து, ‘பங்கு பிரி’ என்பதன் கீழே ஒரு சோழி. பங்கு போட்டால் மிஞ்சுவது என்ன என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

வலையும் சோழியும்

‘வாங்கு’ என்பதற்கான எழுத்து எப்படி இருக்கும்? மேலே ஒரு வலை, கீழே ஒரு சோழி. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதன் தலையில் ‘வெளியே போ’ என்பதைச் சேர்த்தால் ‘விற்பனை செய்’. சீனத்தில் இரண்டுமே ‘மாய்’. குரலின் ஏற்ற இறக்கம்தான் வாங்குவதையும் விற்பதையும் பிரிக்கிறது. கொரியர்களுக்கு அந்த வேறுபாடும் இல்லை. கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் சொல் ‘மேமே’.

சீன அரசு 1950-களில் எழுத்துகளைச் சுருக்கியபோது ‘வாங்கு’, ‘விற்பனை’ இரண்டிலிருந்தும் சோழி விழுந்துவிட்டது. தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே காப்பாற்றுகின்றன. ஜப்பானியர் ‘வாங்கு’வில் சோழியை வைத்துக்கொண்டு ‘விற்பனை’யில் விட்டுவிட்டார்கள். எழுதும் வேகத்துக்காக இழந்ததில் இந்த வலையும் சோழியும்தான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சோழி போலத் தெரிவதெல்லாம் சோழி அல்ல. ‘விதி’, ‘உறுப்பினர்’ என்ற எழுத்துகளில் இருப்பது மூன்று கால் வெண்கலப் பானை. காலப்போக்கில் அதன் வடிவம் தேய்ந்து சோழியாகிவிட்டது.

செல்லம் கொஞ்சவும் சோழி

சீனத் தாய் குழந்தையை ‘பாவ்பெய்’ என்று கொஞ்சுவாள். பொக்கிஷம், சோழி என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல் அது. கொரியாவில் அதுவே ‘போபே’ ஆகிப் பொக்கிஷத்தைக் குறிக்கிறது. வியட்நாமில் ‘பாவ் போய்’. நம் வீட்டில் ‘என் முத்தே’ என்கிறோம்.

முத்து எந்தச் சாதி?

முத்து சிப்பியில் பிறப்பது. ஆனால் முத்துக்கான ‘ஜூ’ என்ற எழுத்தில் சிப்பியும் இல்லை, சோழியும் இல்லை. இடப்பக்கம் பச்சைக்கல்லின் குறி. வலப்பக்கம் ஒலிக்காகச் சேர்த்த ஒரு எழுத்து. நவரத்தினத்தில் முத்தைச் சேர்த்த நம்மவர்களைப் போலவே சீனரும் அதை மணிக்கற்களோடு உட்கார வைத்துவிட்டார்கள்.

முத்து சீனத்தில் ‘ஜென்ஜூ’, ஜப்பானில் ‘ஷின்ஜு’, கொரியாவில் ‘ஜின்ஜு’. 1893-இல் மிக்கிமோட்டோ கோகிச்சி சிப்பிக்குள் பாதி உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியபின் ‘ஷின்ஜு’ உலகச் சந்தைக்கு வந்தது. அந்த ஜப்பானியச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவுதான் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி. அதிலிருந்து தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தது.

இன்று இளையவர்கள் உறிஞ்சிக் குடிக்கும் தைவானின் ‘பபிள் டீ’க்குச் சீனத்தில் பெயர் ‘முத்துப் பால் தேநீர்’. அந்த முத்து மரவள்ளி மாவு உருண்டை, சேலத்து ஜவ்வரிசிக்குச் சொந்தக்காரன். பிள்ளைகள் அபாகஸ் வகுப்பில் தள்ளுகிற மணிக்கும் இதே எழுத்துதான். மணிச்சட்டக் கணக்குக்குச் சீனத்தில் ‘ஜூசுவான்’, ஜப்பானில் ‘ஷூசான்’, கொரியாவில் ‘ஜுசான்’ என்று பெயர். சீன ஜூசுவானை யுனெஸ்கோ 2013-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கோபித்துக்கொண்டு போன முத்து

தென்சீனக் கரையில் ஹெப்பூ என்று ஒரு முத்து ஊர். நெல் விளையாத மண். முத்தெடுத்து, அண்டை நாட்டுக்குக் கொடுத்துத் தானியம் வாங்கிப் பிழைத்தார்கள். வந்த அதிகாரிகள் பேராசையில் அளவில்லாமல் முத்துக் குளிக்கவைத்தார்கள். சிப்பிகள் எல்லை தாண்டிப் போய்விட்டன. ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மெங் சாங் என்பவர் ஆளுநராக வந்து பழைய கொடுமைகளை நிறுத்தினார். ஓராண்டுக்குள் முத்து திரும்பியது என்று ஹான் வரலாறு எழுதுகிறது. தொலைத்த பொருள் உரியவரிடம் திரும்பினால் ‘ஹெப்பூ முத்து திரும்பியது’ என்று நான்கே எழுத்தில் சொல்வார்கள்.

சிப்பி ஊர் விட்டு ஊர் போனது என்பதைக் கதை என்று தள்ளலாம். சிப்பி வாழும் பார் காலியாவது கதை அல்ல. தூத்துக்குடிக் கடலில் தொலாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் சில ஆண்டு சிப்பியால் மூடிக் கிடக்கும், பிறகு பல ஆண்டு வெறும் பாறையாக இருக்கும். அதனால்தான் முதலில் குளியாளிகளை இறக்கி, மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தின் மதிப்புப் பார்த்து, அதன்பிறகே சலாபம் என்ற முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். 1955-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த சலாபம் 1961-உடன் நின்றது. மெங் சாங்கின் பாடம் ஹெப்பூவுக்கு மட்டும் உரியதல்ல என்றே நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு நம்மூர் வழிப் பெயர்

1015-இல் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போனார்கள். முத்துச் சட்டை, முத்துக் குல்லாய், எடை போட்ட முத்து, 60 யானைத் தந்தம் என்று சோங் வரலாறு பட்டியல் போடுகிறது. தட்டில் முத்தையும் நீலப்பச்சைக் கண்ணாடியையும் ஏந்திப் போய் அரியணை முன் பரப்பினார்களாம். அந்தக் கண்ணாடிக்கு எழுதிய சொல் ‘போலி’, அதாவது நம் ஸ்படிகம். பௌத்த நூல்களோடு சீனம் போய், இன்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் அதுவே பெயர். வியட்நாமில் ‘ஃபா லே’ என்றால் படிகம். வைடூரியமும் அதே வழியில் போய் ‘லியூலி’ ஆனது, கொரியாவில் ‘யூரி’. கொரியர் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளரில் வைடூரியம் இருக்கிறது.

சங்கு ஊதினால்

ஜப்பானியத்தில் ஒருவர் ‘சங்கு ஊதுகிறார்’ என்றால் அளந்து விடுகிறார், பெருமையடிக்கிறார் என்று பொருள். நம்மூரில் சங்கு ஊதினால் காரியம் முடிந்தது. அவர்கள் ஊதுவது தூத்துக்குடியில் குளித்தெடுக்கும் வெண்சங்கு அல்ல, நீண்டு கூர்த்த வேறு இனம். மலைத் துறவிகள் ஊதுவார்கள்.

சங்கு, நத்தை வகைகளுக்கான எழுத்து ‘லுவோ’. சுருள் வடிவத்தால் அது பட்டறைக்குள் நுழைந்தது. திருகாணிக்குச் சீனத்தில் ‘லுவோஸ்’, அதே எழுத்துகளைக் கொரியர் ‘நாசா’ என்பார்கள். வியட்நாமியரோ தங்கள் சொந்த நத்தைச் சொல்லான ‘ஓக்’ என்பதையே திருகாணிக்கும் போட்டார்கள். வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் உந்துவிசிறியைச் சீன மாலுமி எழுதினால் அதிலும் முதல் எழுத்து இந்தச் சங்குதான்.

சவேரியார் கேட்ட கேள்வி

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் மாற்றச்செய்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக மணியடித்துச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டில் அவர் பேர் சொல்லும் குகை இன்றும் இருக்கிறது. பின்னால் அவருக்கு அஞ்சிரோ என்ற ஜப்பானியர் துணையானார். நீங்கள் ஏன் எங்களைப்போல் எழுதுவதில்லை என்று சவேரியார் கேட்க, மனிதனுக்குத் தலை மேலே, கால் கீழே. எழுத்தும் மேலிருந்து கீழேதானே போகவேண்டும் என்றார் அஞ்சிரோ. 1549 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் இருவரும் காகோஷிமாவில் இறங்கினார்கள்.

1552-இல் திரும்பிவந்து எழுதியது அதைவிட முக்கியமானது. சீனரும் ஜப்பானியரும் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது, எழுதினால் புரிகிறது என்று கண்டு சொன்னார். ஆகவே சீன எழுத்தில் மறைநூல் எழுதினால் இரு நாட்டுக்கும் சேரும் என்று திட்டமிட்டார். பேச்சுத் தமிழைக் காதால் பிடித்துக் கரையோரம் பணியாற்றிய ஒருவர், காதுக்கு வேலையில்லாத எழுத்தின் வலிமையை இவ்வளவு விரைவில் கண்டுகொண்டது வியப்புதான்.

நோவாவின் கப்பல் அல்ல

‘கப்பல்’ என்ற சீன எழுத்தில் படகு, எட்டு, வாய் என்று மூன்று துண்டுகள் இருக்கின்றன. எட்டுப் பேர் ஏறிய நோவாவின் பேழைதான் அது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கலாம். கேட்க இனிமையானது, உண்மை அல்ல. வலப்பக்கத் துண்டு ஒலியைக் காட்ட வந்தது. எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காயல் என்று எழுதுவது எப்படி?

சீனர் வெளியூர்ப் பெயர்களை ஒலிக்காக மட்டும் எழுதுவார்கள். மிங் வரலாற்றில் காயல் ‘ஜியாயிலெ’: கூட்டு, வேறு, கடிவாளம் என்று மூன்று எழுத்துகள். பொருள் தேடினால் ஏமாந்து போவோம்.

அதே மிங் அரசின் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே 1409 தேதியிட்டு வெட்டுவித்த கல், 1911-இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பொன் 1000, வெள்ளி 5000 என்று பட்டியல் போகிறது. இப்போது அந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.