எண்ணெய் டப்பாவின் எண்ணும் எழுத்தும்

காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்து அமைந்த ஊர் போலகம். தெற்கே கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்குவதால் பாரலாரிகளின் நடமாட்டத்திற்குக் குறைவில்லை. மீன் சுமக்கும் சிறு வண்டிகளும், பிள்ளைகளை மதரஸாவுக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. சபர் சென்றவர் பாடுபட்டு அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டியே ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய வழி செய்வதும் உண்டு. ஆயினும் அதற்கு எண்ணெய் மாற்றும் நாளில் நாம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "நல்ல ஆயிலாப் பார்த்து ஊத்துங்க, பாய்!"

நல்ல ஆயில் எது? விலை உயர்ந்ததா? விளம்பரத்தில் வருவதா? இரண்டுமில்லை. விடை டப்பாவின் மீதே எண்ணாகவும் எழுத்தாகவும் அச்சிடப்பட்டிருக்கிறது.

எண் கூறுவது

20டபிள்யூ-40 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பது, தரத்தை அன்று. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால், குளிர்ந்த இஞ்சினில் எண்ணெய் விரைந்து பாயும். பின்னுள்ள 40, இஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்கிற்குள் இருப்பதே 40 என்னும் வகுப்பு. கெட்டியான எண்ணெய்தான் உயர்ந்தது என்று எண்ணுவது தவறு. நுண்ணிய இடைவெளிகளுடன் செய்யப்பட்ட புதிய இஞ்சினில் அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய் தாமதமாகச் சென்றடையும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

எழுத்து கூறுவது

தரத்தைக் கூறுவது எழுத்தே. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த முறையில், 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கும், 'சி' என்று தொடங்குவது டீசல் இஞ்சினுக்கும் உரியது. பெட்ரோல் வகையில் அடுத்த எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரமும் உயரும். 2010இல் எஸ்.என்., 2020இல் எஸ்.பி., 2025இல் எஸ்.க்யூ. என வந்தன. டீசலில் 1998இல் சி.எச்-4, 2002இல் சி.ஐ-4, 2016இல் சி.கே-4 என வந்தன.

இவ்வெழுத்துகள் வெறும் பெயர்களல்ல. எண்ணெயை இஞ்சினில் ஊற்றிப் பல மணிநேரம் ஓட்டி, பின்னர் அந்த இஞ்சினைப் பிரித்து, பிஸ்டனில் படிந்த கரி, உள்ளே சேர்ந்த கசடு, உறுப்புகளின் தேய்மானம் ஆகியவற்றை அளந்த பிறகே தரம் உறுதி செய்யப்படுகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் பிரித்தெடுக்கப்படும் மூல எண்ணெயுடன், தேய்வையும் கசடையும் தடுக்கும் வேதிப்பொருட்கள் கலக்கப்படுகின்றன. ஒரே 20டபிள்யூ-40 என்னும் எண் தாங்கிய இரு டப்பாக்கள் தரத்தில் வேறுபடுவது இதனால்தான்.

இரு சக்கர வண்டிக்குத் தனி விதி

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகளும் இஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து இயங்குகின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் நழுவும். முறுக்கினாலும் வண்டி இழுக்காது. எனவே ஜப்பானியரின் 'ஜாசோ' முறையில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியைத் தேட வேண்டும். எம்.பி. என்பது நனைந்த கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் நிலை-6 டீசல் வண்டிகளிலும் கவனம் தேவை. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய வண்டியில், சாம்பல் மிகுதியாக விடும் பழைய வகை எண்ணெயை ஊற்றினால் வடிகட்டி அடைபடும். அதை மாற்றும் செலவு எண்ணெய் விலையைப் போல் பல மடங்கு.

நாம் செய்ய வேண்டியவை

வண்டியோடு தந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எண்ணையும் எழுத்தையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தும் டப்பாக்களுக்கிடையே மட்டும் விலையை ஒப்பிடுங்கள். கையேடு கேட்பதற்கு மேல் விலை கொடுப்பது பெரும்பாலும் வீண்விரயம். அதற்குக் கீழானதை ஊற்றுவதோ பொய்ச் சிக்கனம். முத்திரை உடையாத டப்பாவைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைத் துளையிட்டுப் போடுங்கள். போலி எண்ணெய் நிரப்புவோருக்கு அது பயன்படாது. கழிவெண்ணெயைச் சாக்கடையில் விட்டால் அது ஆற்றிலும் கடலிலும் கலந்து மீனவர் பிழைப்பைக் கெடுக்கும். முறையாகச் சேகரிப்போரிடம் கொடுத்துவிடுங்கள்.

வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே திருமறையில் 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்னும் அத்தியாயம் தொடங்குகிறது. தரம் குறைந்ததை உயர்ந்ததென விற்பதும் அத்தகைய மோசடியே அன்றோ! மற்றொருவர் வண்டியைப் பழுது பார்க்க ஏற்பவர் கையில், அவர் குடும்பத்தின் வாழ்வாதாரம் அமானிதமாக ஒப்படைக்கப்படுகிறது.

அறிந்து வாங்கவும், அறத்தோடு விற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.