எங்க வாசலைக் கொஞ்சம் விடுங்களேன்!

எங்கள் வீடு மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறது. இதைச் சொன்னதுமே பாதித் தோழிகளுக்கு என் கதை புரிந்திருக்கும்! ஆடி, மார்கழி இந்த இரண்டு மாசம்தான் எங்கள் தெருவுக்கு நிம்மதி. மற்ற மாசங்களில் முகூர்த்த நாள் வந்துவிட்டால், முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் மத்தியானப் பந்தி முடிகிற வரைக்கும் எங்கள் வாசல் எங்களுக்குச் சொந்தமில்லை. கார், வேன், சமையல் பாத்திரம் ஏற்றி வந்த குட்டியானை, மோட்டார் சைக்கிள் என்று எது வேண்டுமானாலும் நிற்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கோலம் ஒன்றுதான் பிரச்னையாகத் தெரிந்தது. விடிகாலையில் எழுந்து தண்ணீர் தெளிக்கப் போனால் தெளிக்க இடம் இருக்காது. காரின் டயருக்கும் படிக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் நாலு புள்ளி வைத்துப் பெயருக்கு ஒரு கோலம் போட்டுவிட்டு வருவேன். 'கல்யாண வீட்டுக்காரங்க, நாலு பேர் நல்லா இருக்கட்டும்' என்பார் என் மாமியார். நானும் பெரிதாக எடுத்துக் கொண்டதில்லை.

போன வருஷம் அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப் போய் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். (நாங்கள் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.) வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும். காலை ஆறரை மணிக்கு மெஷினில் படுக்க வைத்தால் பத்தரைக்கு எடுப்பார்கள். தாமதமாகப் போனால் அந்த அளவுக்கு நேரத்தைக் குறைத்து விடுவார்கள், அடுத்த ஆள் வெளியே காத்திருப்பாரே! குறைந்த நேரத்துக்குத் தக்கபடி அத்தைக்குக் காலில் நீர் கோர்த்துக் கொள்ளும், ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவார். ஆகவே அஞ்சரைக்கெல்லாம் ஆட்டோ வாசலுக்கு வந்துவிட வேண்டும். வீல்சேரில் அத்தையை கேட் வரைக்கும் தள்ளிக் கொண்டு போய், அங்கிருந்து ஆட்டோவில் ஏற்றுவோம்.

சும்மா கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றி விடலாமே என்று நினைப்பீர்கள். அத்தையின் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அது அடைத்துப் போனால் மறுபடியும் ஆபரேஷன். அதனால் எங்கள் வீட்டில் அந்தக் கைக்குத் தனி மரியாதை!

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு முகூர்த்தம். அஞ்சேகாலுக்கு நான் கேட்டைத் திறந்தால் நேர் எதிரே ஒரு வெள்ளைக் கார். கேட்டுக்கும் காருக்கும் நடுவில் முக்கால் முழம் இருக்கும். நான் ஒருக்களித்துப் போய் விடுவேன். வீல்சேர் எப்படிப் போகும்?

மண்டபத்துக்கு ஓடினேன். உள்ளே நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது. மேனேஜரிடம் நம்பரைச் சொல்லி, 'கொஞ்சம் மைக்கில் சொல்லுங்க' என்று கெஞ்சினேன். 'தாலி கட்டுற நேரம்மா, கெட்டிமேளம் முடியட்டும், சொல்றேன்' என்றார். வாசலில் பன்னீர் தெளித்துக் கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். 'மாப்பிள்ளை வீட்டுக் காரா, பொண்ணு வீட்டுக் காரா?' என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது ஆட்டோத் தம்பி காரைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். அது பாட்டுக்கு 'வீல் வீல்' என்று கத்திவிட்டு ஓய்ந்து போனது. ஒருத்தரும் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சாக்கடை ஓடுகிற, குப்பை கொட்டுகிற சந்து. வேறு வழியில்லாமல் அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் கணவரும் ஆட்டோத் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கொண்டு, நான் முன்னால் டார்ச் அடித்துக் கொண்டு, அந்தச் சந்து வழியாகப் போனோம். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக் கொண்டு வந்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். 'செத்தாக் கூட முன்வாசல் வழியாத்தானே கொண்டு போவாங்க...'

என் கணவர் கூடப் போனார். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டுமென்று வீட்டில் நின்றேன். திரும்பி வந்து அந்த வெள்ளைக் காரைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! அடுப்படிக்குப் போய்த் தீக்குச்சி எடுத்து வந்து, தெரு ஓரம் இருந்த இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கி விட்டேன். 'உஸ்'ஸென்று அது இறங்கும்போது மனசுக்கு இதமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தோழிகளே, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. காற்று இறங்கின கார் எப்படி நகரும்? பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டிய கார், என் புண்ணியத்தால் அங்கேயே நிற்கிறது! டயாலிசிஸ் முடிந்து, துவண்டு போய் ஆட்டோவில் அத்தை வந்து இறங்குகிறார். வாசலில் அதே கார். என் கணவரோ அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

காருக்குப் பக்கத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். பஞ்சர் ஒட்டுகிற பையனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். பெண்ணுக்குத் தாய்மாமனாம், தேனிப் பக்கம். அத்தையையும் அந்தக் கைக்கட்டையும் பார்த்தவர், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டார். 'கதவு பூட்டியிருந்துச்சு, ஒரு லைட்டுகூட எரியலம்மா. ஆள் இல்லாத வீடுன்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கவே மாட்டேன்' என்றார். பிறகு ஆட்டோத் தம்பியோடு சேர்ந்து அவரே அந்த நாற்காலியை ஒரு பக்கம் பிடித்து, அதே சந்து வழியாக, பட்டு வேட்டிக் கரை சாக்கடையில் புரள அத்தையை வீட்டுக்குள் கொண்டு வந்து விட்டார். 'எந்தப் பயலோ காத்தைப் புடுங்கி விட்டுட்டான் பாருங்க, இல்லேன்னா அப்பவே எடுத்திருப்பேன்' என்று வேறு சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். அவரிடம் சொல்லாததை இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதற்கப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். அடுத்த தெருவில் போலீசில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் ஏட்டையா. அவரிடம் போய்க் கேட்டேன். வீட்டு நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று சாலை விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம்! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 127-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கிற வண்டியையும், பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று பொது இடத்தில் நிற்கிற வண்டியையும் போலீஸ் இழுத்துக் கொண்டு போகச் சொல்லலாம். இழுக்கிற செலவு வண்டிக்காரர் தலையில். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தையும் கூட்டி விட்டார்கள், முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1500. நம்பர் பிளேட்டும் நம் கேட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு 100-க்குப் போன் செய்யச் சொன்னார்.

'சட்டம் உன் பக்கம்தாம்மா. ஆனா அஞ்சரை மணிக்கு இழுவை வண்டி வந்து, இழுத்துட்டுப் போறதுக்குள்ள உன் மாமியாருக்கு மணி எட்டாயிரும்' என்றும் அவரேதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் வண்டியில் காற்றைப் பிடுங்குவது, கோடு கிழிப்பது எல்லாம் குற்றம், கேஸ் கொடுத்தால் நாம்தான் ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று. எனக்குக் குப்பென்று வேர்த்து விட்டது. நான் வாசலுக்கு வெளியே பூந்தொட்டி வரிசை வைக்கலாமா என்று கேட்டதற்கும், 'ரோடு உங்க பேர்ல இல்லையே, அதுவும் ஆக்கிரமிப்புதான்' என்று சிரித்தார்.

நகைக்கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த 'நோ பார்க்கிங்' போர்டு எங்கள் கேட்டில் எட்டு வருஷமாகத் தொங்குகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. அதில் நகைக்கடை பேர்தான் பெரிசு! அதை யார் படிக்கிறார்கள்? ஆள் இல்லாத வீடு என்று நினைத்தேன் என அந்தத் தாய்மாமன் சொன்னது மட்டும் எனக்குள் ஓடிக் கொண்டே இருந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஒன்பது மணிக்கே வாசல் லைட்டை அணைத்துவிடுவது நான்தான். அன்றிலிருந்து ராத்திரி முழுக்க ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரிகிறது.

போர்டையும் மாற்றலாம் என்று, 'இது நோயாளி இருக்கும் வீடு. அதிகாலையில் ஆஸ்பத்திரி போக வேண்டும். வழி விடுங்கள்' என்று அட்டையில் எழுதினேன். அத்தை பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 'என்னைய நோயாளின்னு தெருவுக்கே தண்டோரா போடுறியா? கல்யாணத்துக்குப் போறவங்க எல்லாம் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிட்டுப் போகணுமா?' என்று ஒரே அழுகை. எனக்கு உறைத்தது. அவர் நடமாடின காலத்தில் அந்த மண்டபத்துக் கல்யாணம் எத்தனைக்கு மொய் எழுதியிருப்பார்! அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். பிறகு அத்தையே சொல்லச் சொல்ல என் மகள் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'எங்களுக்குக் காலை அஞ்சரைக்கு ஆட்டோ வரும். வாசலைக் கொஞ்சம் விடுங்கள்.' கீழே என் கணவரின் போன் நம்பர். அவ்வளவுதான். 'நோ பார்க்கிங்'கைப் படிக்காதவர்கள் இதைப் படிக்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து, 'நாலு மணிக்கு எடுத்துடுவேன், இப்ப நிறுத்திக்கலாமா?' என்று கேட்டவர்கூட உண்டு.

மண்டப மேனேஜரிடம் மறுபடி போனேன், இந்த முறை கல்யாணம் இல்லாத நாளில், தினசரி காலண்டரையும் எடுத்துக் கொண்டு. முகூர்த்த நாளில் எங்களுக்கு ஆஸ்பத்திரி நாள் எதெது வருகிறது என்று பார்த்துக் கொண்டே வரும்போதுதான் எனக்கே ஒன்று பொறி தட்டியது. செவ்வாய்க்கிழமையிலும் சனிக்கிழமையிலும் பெரும்பாலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லையே! டயாலிசிஸை அந்த இரண்டு நாளுக்கு மாற்றிவிட்டால்? மறுநாளே போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சனிக்கிழமை இடமில்லை, செவ்வாயும் வெள்ளியும் தருகிறேன் என்றார். ஆக பாதிக் கவலை தீர்ந்தது. செவ்வாய்க்கிழமையை இப்படிக் கொண்டாடுகிற வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்!

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மட்டும், முதல் நாள் ராத்திரியே மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன் எங்கள் கேட்டுக்கு நேரே தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொள்கிறார். மேனேஜர்தான் சொல்லியிருக்கிறார். ஒரு பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுத்து விடுவேன். ஆவணியில் ஒரு வேன் டிரைவர் அவரையும் மீறி நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அன்றைக்கு 100-க்குப் போன் செய்தேன். போலீஸ் வருவதற்குள் வாட்ச்மேன் அண்ணனே பந்தி நடக்கிற இடத்தில் தேடி, டிரைவரைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன்வாசல் வழியாகத்தான்.

சென்ற மாதம் திண்டுக்கல்லில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். என் கணவர் யார் வீட்டு கேட்டுக்கோ குறுக்கே வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். 'தாலி கட்டிட்டு உடனே கிளம்பிடப் போறோம்' என்கிறார்! நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முணுமுணுத்துக் கொண்டே போய் ரொம்ப தூரம் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். பட்டுப்புடவையோடு வெயிலில் நடந்ததில் என் தலைப்பூ எல்லாம் வாடிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வாட்ச்மேன் அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.