குழாய்நீரில் ஒரு மரபணுவின் தடம்

மதுரைக்கு வரும் வைகை அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்படுகிறது. அதற்குப் பிறகும் கே.கே. நகரில் ஒரு வீட்டுக் குழாயில் பாக்டீரியா தென்பட்டால், அது எங்கிருந்து வந்தது? வழக்கமான சோதனை கிருமி இருப்பதை மட்டும் சொல்லும். மரபணுச் சோதனை அதன் வம்சத்தையே காட்டிக்கொடுக்கும்.

டெல்லியில் அப்படி ஒரு மரபணுத் தேடல் நடந்தது. 2010 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 50 குழாய்நீர் மாதிரிகளும், தெருக்களில் கசிந்து தேங்கிய நீரிலிருந்து 171 மாதிரிகளும் எடுக்கப்பட்டன. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ் குழு அவற்றை பி.சி.ஆர். முறையில் ஆராய்ந்தது. தேடும் மரபணுத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதியெடுத்துக் காட்டும் முறை அது. கார்பாபெனம் போன்ற வலிமையான ஆண்டிபயாடிக்கையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு, தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும், குழாய்நீரில் இரண்டிலும் சிக்கியது.

இரண்டுதானே என்று ஒதுக்க முடியாது. அந்த டெல்லி மாதிரிகளில் கிடைத்த காலரா கிருமியிலும் அந்த மரபணு இருந்தது.

குளோரின் அளவைப் பார்ப்பதோடு நிற்காமல், மரபணுச் சோதனையையும் நம் மாநகராட்சிகள் தொடங்க வேண்டும்.