நூல் நெய்தவருக்கு நூல் எங்கே?

காஞ்சிப் பட்டின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்கள் நெய்கின்றன. கோர்வை இரண்டையும் இணைக்கிறது. இதை நெசவாளத் தோழர் ஒருவர், 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சான்று எங்கே?" என்று கேட்டு நீக்குவர். அவர் மீண்டும் சேர்ப்பார், மீண்டும் நீக்குவர். ஆங்கிலப் பதிப்பிலோ, 24 மணி நேரத்தில் மூன்று முறைக்குமேல் பிறர் திருத்தத்தை மாற்றினால் தடை!

அநீதி என்று சீறலாமா? கூடாது! சான்று கேட்கும் விதி இல்லையேல், பொய்யனும் அங்கே பொய்யை நெய்வான். ஆனால் நீக்குவோரே, பேச்சுப் பக்கத்தில் காரணம் கூறினீர்களா? நாம் கேட்பது சலுகையல்ல, முறை!

தறியறிவு அச்சேறாதது யார் குற்றம்? கற்றோர் குற்றம்! பல்கலைக்கழகத்தாரே, பிள்ளையார்பாளையம் வாருங்கள்! முதியோர் அறிவை நூலாக்குங்கள்! பிறகு எவர் நீக்குவார், பார்ப்போம்!