வாக்கில் முந்திய காங்கிரஸ், இடங்களில் பிந்தியது ஏன்?

பெங்களூரு: 2018 கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலில் பெரும்பாலான கணிப்புகள் தொங்கு பேரவை அமையும் என்றன, முந்தப்போவது யார் என்பதில்தான் முரண்பட்டன. அதற்குக் காரணம் உண்டு.

மே 15 அன்று முடிவு வெளியான 222 தொகுதிகளில், ஏறத்தாழ 38 சதவீத வாக்குகள் பெற்ற காங்கிரசுக்கு 78 இடங்களே கிடைத்தன. 36 சதவீதம் பெற்ற பாஜக 104 இடங்களை வென்றது. பழைய மைசூரு பகுதியில் பலவீனமாக இருந்த பாஜகவின் வாக்குகள், கடலோரத்திலும் வடக்கிலும் திரண்டிருந்தன; காங்கிரஸ் வாக்குகளோ மாநிலமெங்கும் சிதறிக் கிடந்தன. வாக்கு விகிதத்தை மட்டும் அளக்கும் கணிப்பு இங்கே தடுமாறுவது இயல்பே. இறுதியில், 18 சதவீதம் பெற்ற மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் எச்.டி.குமாரசாமி காங்கிரஸ் ஆதரவுடன் முதலமைச்சரானார். அக்கூட்டணி 14 மாதங்களில் கவிழ்ந்தது.

அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 உறுப்பினர்கள். வாக்காளர்கள் 1, 2, 3 என விருப்ப வரிசை இடுவர். வென்றவரின் உபரி வாக்குகளும் கடைசி இடத்தவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். இடங்கள் வாக்கு விகிதத்தை ஓரளவு ஒட்டியே அமைவதால், 1977-க்குப் பின் அங்கு எக்கட்சியும் தேர்தலில் தனிப்பெரும்பான்மை பெறவில்லை.

விதான சவுதாவுக்கு இம்முறை புதிதன்று. மாநிலங்களவைத் தேர்தலில் எம்எல்ஏக்கள் இவ்வாறே வாக்களிக்கின்றனர்.