வரப்பு கரைந்த கதை

திரைக்கு அப்பால் – 9

1994ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஹாட்வயர்ட்’ என்னும் இணையப் பத்திரிகையில் வெளியான பட்டை விளம்பரத்தைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னேன். அந்தக் கறுப்புப் பலகையைப் பார்த்த எவரும் அதைச் செய்தி என்று மயங்கியிருக்க நியாயமில்லை. பலகை பலகையாகவே நின்ற அந்தக் காலம் எப்படிக் கழிந்தது என்பதே இவ்வார விஷயம்.

கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. பக்கத்து வயல்காரர் பேராசை பிடித்தவரானால், வரப்பை ஒரே இரவில் பெயர்த்துவிட மாட்டார். ஒவ்வோர் உழவின்போதும் அண்டை வெட்டுகிற பாவனையில் மண்வெட்டியால் ஒரு விரற்கடை செதுக்கிக்கொண்டே வருவார். பத்து வருஷம் கழித்து வரப்பின்மேல் கால் வைக்க இடமிராது என்றாலும், அது எந்த வருஷத்தில் போயிற்று என்று பஞ்சாயத்தில் எழுந்து சொல்ல நம்மால் முடியாது. கூகுளின் தேடல் பக்கத்தில் விளம்பரத்துக்கும் விடைக்கும் நடுவே இருந்த வரப்பு இவ்விதமே கரைந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த ஸ்தாபனத்தை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது 1998இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே, விளம்பர வருமானத்தில் பிழைக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். 2000த்தில் அவர்களே விளம்பர வியாபாரத்தில் இறங்கியபோது, அந்தப் பழைய எச்சரிக்கையின் நினைவு இருந்ததோ என்னவோ, பக்கத்தின் உச்சியில் வந்த விளம்பரங்களுக்குப் பின்னால் வண்ணப் பூச்சு ஒன்றை வைத்தார்கள். நீலமாக இருந்த அது 2007இல் மஞ்சளாயிற்று. மஞ்சள் நாளடைவில் வெளிறிற்று. 2013 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தார் தேடுபொறி ஸ்தாபனங்களுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பூச்சு பல திரைகளில் கண்ணுக்கே புலப்படுவதில்லை என்று சுட்டிக்காட்டி, அடர்ந்த வண்ணமாவது தெளிவான கட்டமாவது போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மறு வருஷமே கூகுள் பக்கத்தில் பூச்சு அடியோடு போயிற்று. அதன் ஸ்தானத்தில் மஞ்சள் வில்லை ஒன்று வந்து, விளம்பரம் என்பதைச் சுருக்கி ‘ஆட்’ என்றது. 2016இல் அந்த வில்லை பச்சையாயிற்று. பக்கத்திலேயே தளத்தின் முகவரியும் அதே பச்சையில் இருந்தது. 2017இல் பச்சையும் உதிர்ந்து விளிம்பு மட்டும் மிஞ்சியது. 2019இல் கைபேசியிலும் 2020 ஜனவரியில் கணினியிலும் விளிம்பும் மறைந்து, அந்தச் சொல் வெறும் கறுப்பெழுத்தாக, மற்றத் தளங்களின் சின்னம் நிற்கும் இடத்தில் தானும் ஒரு சின்னம்போல் நின்றது. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், கணினியில் அந்தச் சின்னங்களைச் சற்று மாற்றிப் பார்ப்பதாகக் கூகுள் சொல்லிற்றேயொழிய, பழைய வண்ணப் பூச்சு திரும்பவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் மாமா, சில வருஷங்களுக்குமுன் ஓர் அரசாங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கைபேசியைத் திறந்தார். உச்சியில் வந்ததைத் தொட்டார், கேட்டதையெல்லாம் நிரப்பினார், பணமும் கட்டினார். அது அரசாங்கத் தளமன்று, ஒரு தரகரின் கடை என்பது, கட்டணம் பன்மடங்காகக் கழிந்த பிறகே தெரிந்தது. “ஏனப்பா, முதலில் இருந்ததைத்தானே தொட்டேன்?” என்று அவர் கேட்டார். மூலையில் கடுகளவில் நின்ற அந்த ஆங்கிலச் சொல்லை விரலால் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தவர், “நாற்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் சந்திப் பிழை தேடிய கண் இது, இது தப்பிவிட்டதே” என்றார். அவருடைய கண்ணின் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

விளம்பரதாரருடைய நியாயத்தையும் கேட்டாக வேண்டும். விளம்பரம் என்று தெரிந்த மாத்திரத்தில் கண் விலகிப் போகிறது. இதை ரைஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பென்வே, லேன் என்னும் இருவர் 1998இலேயே சோதித்து, ‘பட்டைக் குருடு’ என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். காசு கொடுத்தவன் தன்னை ஒருவரும் பாராமல் போவதை எப்படிச் சகிப்பான் என்கிறார்கள். சகிக்க வேண்டியதில்லை, விளம்பரத்தை அழகாகவும் உபயோகமாகவும் செய்து, பார்வையை உரிமையோடு சம்பாதித்துக்கொள்ளட்டும். செய்தியின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு அதைப் பறிப்பதுதான் தகாது. அந்த வேஷத்துக்கு விலை, செய்தியின் மேல் வாசகன் வைத்திருக்கும் நம்பிக்கை.

அச்சுப் பத்திரிகைக்கு இந்த விவாதம் பழையது. சலுகைத் தபால் கட்டணத்தை அனுபவிக்கும் பத்திரிகைகள், காசு வாங்கி வெளியிடும் கட்டுரைகளை விளம்பரம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும், தவறினால் 50 முதல் 500 டாலர் வரை அபராதம் என்று அமெரிக்கா 1912இலேயே சட்டம் செய்தது. பத்திரிகை முதலாளிகள் வழக்காடியும், மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டிற்று. நம் தேசத்திலோ, 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தில் கூடாதென்று எண்ணிக் குறித்த 13 தந்திரங்களில், செய்தியாகவோ பிறர் அபிப்பிராயமாகவோ வேஷமிட்டு வரும் விளம்பரமும் ஒன்று.

சட்டம் இருக்கிறது, அதைப் பொடியெழுத்தால் நிறைவேற்றிவிட முடியும் என்பதுதான் குறை. வாசித்தால்தான் தெரியும் எல்லையை எல்லை என்று நான் ஒப்ப மாட்டேன். வரப்பு என்றால், எழுத்தறியாதவனும், கண் மங்கியவனும், அவசரத்தில் ஓடுகிறவனும் தூரத்திலிருந்தே காணும்படி இருக்க வேண்டும். ஆகவே விளம்பரத்துக்குத் தனி நிறம், சுற்றிலும் ஒரு கட்டம், தலைப்பில் பயனாளியின் மொழியிலேயே ‘விளம்பரம்’ என்ற சொல், இம்மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். வேஷமிட்ட விளம்பரத்தால் நீங்கள் பணம் இழந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள்.

(தொடரும்)