எஞ்சினுக்கு ஒரு துருத்தி

கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உலையில் இருக்கும் கரி அதே கரிதான். ஆனால் துருத்தியை மிதித்ததும் மங்கிக் கிடந்த தழல் வெண்மையாய்ச் சீறுகிறது. எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது, அதற்கேற்ற காற்றும் வேண்டும் என்பது கொல்லருக்கு நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை.

கார் எஞ்சினும் ஓர் உலைதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 5,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் அது 1.2 லிட்டர் காற்றை இழுக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: நிமிடத்திற்கு 3,000 லிட்டர், அதாவது வினாடிக்கு 50 லிட்டர். அதன் நிறை சுமார் 60 கிராம். ஆகவே வினாடிக்கு 4 கிராம் பெட்ரோலுக்கு மேல் அங்கே எரியாது. கூடுதல் திறன் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அல்லது அதே இடத்தில் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும்.

திணிக்கும் வேலையைச் செய்வதுதான் டர்போ சார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. பலன் என்ன? இந்தியாவில் 2022 வரை தயாரான போலோ கார் நல்ல எடுத்துக்காட்டு. அதன் சாதாரண 1.2 லிட்டர் எஞ்சின் 75 குதிரைத்திறனும் 110 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. 2013இல் வந்த டர்போ வகை, அதே 1.2 லிட்டரில் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன்-மீட்டரும் தந்தது. எங்கள் கிணத்துக்கடவிலிருந்து அதிகத் தொலைவில்லாத செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. 2010இல் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயங்களின் சில சுற்றுகள் அங்கேதான் நடந்தன. நம் பையன்களுக்கு இந்த வகைச் சிறிய கார்கள் மேல் மோகம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

அந்த மோகத்தில் விழுந்தவர்களில் என் தங்கை மகனும் ஒருவன். ஒரு வார்ப்பாலையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினான். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே தேவையில்லை. ஆறாம் மாதம் பொள்ளாச்சி சாலையில் வரும்போது வண்டியின் இழுவை திடீரென்று குறைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'உஸ்' என்று ஓர் ஓசை மட்டும் வந்தது, வேகம் வரவில்லை. ஒரு பணிமனையில் காட்டினான். "டர்போ போய்விட்டது. மாற்ற ஒரு லட்சத்துக்குக் குறையாது" என்றார்கள். பையன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசாமலிருந்தான். அவனிடம் ஒரு லட்சம் ஏது?

மேலே போகுமுன் அந்த டர்போவுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்திற்கு 2 லட்சம் முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய டர்போக்களுக்கு இது புதிதல்ல. அப்போது அதன் விளிம்பின் வேகம் வினாடிக்கு சுமார் 420 மீட்டர். காற்றில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம்! மையநோக்கு முடுக்கத்தை நீங்களே கணக்கிடலாம்: திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 9 லட்சம் மடங்கு வரும். விளிம்பில் உள்ள ஒரு கிராம் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்க 900 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும்.

இப்படிச் சுழலும் தண்டைத் தாங்குவது எது? பெரும்பாலான டர்போக்களில் அது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் தலைமுடியின் பாதிகூட இராது. கார் உரிமையாளர்கள் தவறு செய்வது இங்கேதான். வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் 900 டிகிரி வாயுவில் வெந்த டர்பைன் உடனே ஆறாது. அந்த வெப்பம் தண்டு வழியே கடத்தப்பட்டு, தேங்கி நிற்கும் எண்ணெயைக் கரியாக்கும். அந்தக் கரி எண்ணெய் வழியை அடைக்கும். ஆகவே மலை ஏறியதும், நீண்ட வேக ஓட்டத்திற்குப் பின்னும், ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். இன்றைய பல கார்களில் அணைத்த பின்னும் குளிர்நீரைச் சுழற்றும் சிறு மின் பம்பு உண்டு. அதற்காக மட்டமான எண்ணெய் ஊற்றலாம் என்று பொருளல்ல.

இன்னொரு எதிரி தூசு. எங்கள் ஊர்ப் பக்கம் கல் குவாரி லாரிகளும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. பாறைத்தூளில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவையில் 7. விசிறியோ அலுமினியக் கலவை. காற்று வடிகட்டியில் சிறு கிழிசல் இருந்தாலும் விசிறியின் விளிம்பு அரத்தால் ராவியது போலாகும். கையேட்டில் எழுதிய கிலோமீட்டர் வரை எங்கள் ஊரில் வடிகட்டி தாங்காது என்பது என் கருத்து.

சரி, பையனின் காருக்கு வருவோம். லாரி எஞ்சின்களிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். எஞ்சின் நன்றாக ஆறும் வரை அவர் அதைத் தொடவில்லை. பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை விரலால் அசைத்தார். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருந்தது; எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் இழுத்தால் அசையவில்லை. விசிறி எங்கும் உரசியிருக்கவில்லை.

"டர்போ நல்லாத்தானுங்க சார் இருக்குது. காத்து வழியில எங்கியோ போகுதுங்க" என்றார்.

குழாயின் வாயை மூடி, டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். பின்பு ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் சோப்பு நீரைத் தடவினார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதன் தத்துவமேதான்! இன்டர்கூலருக்குக் கீழே, கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில், நுரை குமிழி குமிழியாகப் பொங்கியது. எண்ணெய் ஆவி பட்டு ஊறிய ரப்பர் குழாய் அங்கே வெடித்திருந்தது. இழுவை போனதும் 'உஸ்' ஓசை வந்ததும் இதனால்தான். புது டர்போ போட்டிருந்தாலும் காற்று இதே வெடிப்பின் வழியே போயிருக்கும். போதாத அழுத்தத்தை ஈடுகட்ட, புது டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று கெட்டிருக்கவும் கூடும்.

இன்டர்கூலர் எதற்கு என்று கேட்பீர்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடி அடித்தால் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? 35 டிகிரி காற்றை 1.6 மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், விசிறியின் இழப்பையும் சேர்த்து, அது ஏறத்தாழ 98 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரியும். எனவே அடர்த்தி 1.33 மடங்குதான் கூடும். அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.53 மடங்கு கிடைக்கும். (வெப்பநிலையைக் கெல்வினில் போட மறக்காதீர்கள். என் மாணவர்கள் பாதிப்பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.)

குழாயும் கிளாம்பும் சேர்ந்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று அவன் என்னை வால்பாறைக்கு அழைத்துப் போனான். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் சாதாரண எஞ்சினுக்குத் திறன் குறையும். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டிக்கொள்ளும். கார் முக்காமல் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும் நான் கீழே இறங்கிவிட்டேன். அவன் மட்டும் எஞ்சினை அணைக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.